பதினோரு ஒயர் போக ஒன்று

7

அழகுமலையின் இரண்டாவது பல் தரையில் விழுந்த நேரத்தில்தான் செய்கு அலாவுதீன் அந்த மொட்டைமாடி அறைக்குள் நுழைந்தார். ஜும்ஆ தொழுகைக்குப் போட்ட தொப்பி இன்னும் தலையில் இருந்தது. பின்னாலேயே ஜெயபாரதி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

“லிஃப்ட் இல்லாத பில்டிங்ல கொலை பண்றவனுக்குத் தண்டனையை ரெட்டிப்பாக்கணுங்க பாய்” என்றாள்.

பிறகுதான் தரையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சிவசங்கரன் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கிடந்த இஸ்திரிப்பெட்டியின் முனையில் முடியும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அடித்தவன் ஒரு அடியோடு நிறுத்தவில்லை, விழுந்த பிறகும் அடித்திருக்கிறான். சுவரில் தெறித்த ரத்தம் காலண்டரில் இருந்த முருகனைக்கூட விட்டுவைக்கவில்லை.

அறையின் அந்தக் கோடியில் ஏழெட்டுப் பேர் அழகுமலையைச் சுவரோடு நிறுத்தி முறை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கைலி மேல் கட்டியிருந்த பெல்ட்டை உருவியிருந்தான். ஒருவன் முழங்காலால் வயிற்றில் இடித்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அந்த அறையில் இரண்டு பிணம் கிடக்கும்.

“கலாஸ்! நிறுத்துங்கடா!”

அலாவுதீன் கத்தியதில் பெல்ட் பாதியில் நின்றது. துபாய் தேராவில் அவரைத் தெரியாத தமிழர்கள் குறைவு. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். தானே தன் கடைக்குத் தீ வைத்தவன், காலை ஒடித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுக் கல்யாணத்தில் ஆடியவன் என்று பலபேரைப் பார்த்தவர். ஜெயபாரதி அவர் ஆபீசில் டைப் அடிப்பவள். கோயம்புத்தூர்க்காரி. விரலைவிட வாய் வேகம். அந்த ஆபீசின் ஏசியை ரிப்பேர் செய்பவன்தான் அழகுமலை. பிடிபட்ட நிமிஷத்தில் அவன் போனில் கத்தியது நான்கே வார்த்தை: “பாய், என்னைக் கொல்றாங்க பாய்!”

“நான்தான் பாய் பிடிச்சேன்” என்று ஒருவன் முன்னால் வந்தான். முதல் மாடி சரவணகுமார். கைலிக்கு மேலே முழுக்கைச் சட்டை. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். “உள்ள நுழைஞ்சு பாக்குறேன், ரத்தத்துல கையை நனைச்சுக்கிட்டு இவன் நிக்கிறான். நாத்தூர் போலீசுக்குப் போன் போட்டுட்டாரு.”

நாத்தூர் என்றால் கட்டிடத்து வாட்ச்மேன். வாசலில் நின்ற அந்தப் பட்டாணியர், ஆமாம் என்று தலையை ஆட்டினார். “ஜும்ஆ பீட் மே காடி ஃபஸ் கயா. ஆ ரஹா ஹை பாய்.”

“கூட்டத்துல வண்டி மாட்டிக்கிச்சாம்” என்றாள் ஜெயபாரதி. “அது வர்ற வரைக்கும்தான் நம்ம டைமுங்க.”

அழகுமலை சுவரிலேயே சறுக்கி உட்கார்ந்தான். “நான் செய்யலை பாய். நெட் என்னாச்சுன்னு கேக்க வந்தேன், கதவு திறந்து கிடந்துச்சு. விழுந்து கிடந்தாருன்னு தூக்கப் போனேன். சத்தியமா பாய்.”

“நேத்து மாடிப்படியில நின்னு என்னடா சொன்னே?” என்று பெல்ட்காரன் எகிறினான். “மண்டையைப் பொளந்துருவேன்னு சொல்லலை?”

“சொன்னேன்ணே. கோவத்துல சொன்னேன்.”

அந்தக் கோபத்தின் கதை இது. கட்டிடத்தில் பன்னிரண்டு அறைகள், எல்லாவற்றிலும் இரண்டடுக்குக் கட்டில்கள். இன்டர்நெட் கனெக்‌ஷன் மட்டும் ஒன்றே ஒன்று. அது மொட்டைமாடியில் சிவசங்கரன் பேரில் இருந்தது. ஒரு குடும்பத்துக்குப் போதுமான அந்த ஒற்றை லைனை அவன் பன்னிரண்டு நீல ஒயர்களாகப் பிரித்து எல்லா அறைக்கும் இறக்கியிருந்தான். அறைக்கு மாசத்துக்கு இவ்வளவு என்று அவனே அளவும் வைத்திருந்தான். அளவைத் தாண்டினால் ஒயரைப் பிடுங்கிவிடுவான். அழகுமலை வியாழக்கிழமை ஒரு படத்தை இறக்கி மாட்டிக்கொண்டான். ஒயர் போனது, அந்தக் கோபத்தில்தான் மாடிப்படியில் கத்தினான்.

வெள்ளிக்கிழமைதான் பெரிய கொடுமை. அன்றைக்குத்தான் முக்கால்வாசிப் பேருக்கு லீவு. குளித்துச் சமைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் பேச உட்காருவார்கள். பன்னிரண்டு ரூமும் ஒரே குழாயில் வாயை வைத்தால் என்ன கிடைக்கும்? கம்ப்யூட்டரில் மனைவியின் மூக்கு வந்தால் வாய் வராது, வாய் வந்தால் குரல் வராது. வெள்ளிக்கிழமை பகலில் அந்தக் கட்டிடத்தில் முழு முகத்தைப் பார்த்தவன் ஒருவனும் கிடையாது.

“பாரதி, இவன் வாயைப் பாரும்மா. ஐஸ் இருக்கா?”

ஜெயபாரதி சிவசங்கரனின் சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தாள். “ஐஸ் இல்லீங்க. பிரேசில்ல இருந்து ஒரு கோழி வந்து உறைஞ்சு கிடக்குது.” கல்லாய் இறுகிய கோழியைப் பையோடு எடுத்து அழகுமலையின் கன்னத்தில் வைத்தாள். “புடிச்சுக்குங்க. இன்னிக்கு இதுதான் உங்க டாக்டர்.”

அலாவுதீன் கூட்டத்தைப் பார்த்தார். “நெட் எப்ப போச்சு?”

“நாங்க பேசிட்டிருக்கும்போதே எல்லா ரூமுக்கும் ஒண்ணாப் போச்சு பாய்” என்றான் பெல்ட்காரன். “ஓடி வந்து கதவைத் தட்டினோம். வெளியில பூட்டுத் தொங்குச்சு. ஆளு எங்கயோ போயிட்டான்னு திட்டிட்டு இறங்கிட்டோம்.”

“அழகுமலையும் தட்டினானா?”

“தட்டினான். நடிச்சிருக்கான்.”

“அப்புறம்?”

“அரை மணி நேரம் போயிருக்கும். சரவணன் கொலைன்னு கத்தினான். வந்தா கதவு திறந்து கிடக்கு.”

பூட்டின் சாவி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அலாவுதீன் அதைக் கையால் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு மேசைக்குப் போனார். மேசையில் நெட் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஓட்டையும் காலி. ஒயர்கள் மேசைக்குக் கீழே கொத்தாகக் கிடந்தன.

“சண்டையில பிச்சுக்கிட்டு வந்திருக்கும் பாய்” என்றான் சரவணகுமார்.

“இருக்கும்” என்றார் அலாவுதீன். “பாரதி, கொஞ்சம் பாரு.”

அவள் ரத்தத்தைத் தாண்டி மேசைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் பெட்டியில் பூட்டிக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை அமுக்கினால்தான் ஒயர் கழன்று வரும். அமுக்காமல் இழுத்தால் கொக்கி உடைந்துவிடும். எத்தனையோ டைப்ரைட்டரையும் கம்ப்யூட்டரையும் வாழ வைத்த அவள் விரல்கள் ஒவ்வொரு நுனியாகத் தடவிக்கொண்டு போயின.

“உடைஞ்சிருக்கு, உடைஞ்சிருக்கு, இதுவும் உடைஞ்சிருக்கு...” கடைசி நுனியில் கை நின்றது. “பாய், பதினொண்ணு முறிஞ்சிருக்குதுங்க. ஒண்ணு மட்டும் புத்தம் புதுசாட்டம் இருக்குது.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“பதினொண்ணை வெறிபிடிச்சவன் புடுங்கியிருக்கான். ஒண்ணை மட்டும் பொண்ணுக்குப் பூ வைக்கிற மாதிரி பதமாக் கழட்டியிருக்கான். ரெண்டுமே ஒரே ஆளுன்னா, ரெண்டும் ஒரே நேரமில்லீங்க.”

“சரியாச் சொன்னே” என்றார் அலாவுதீன். “பூட்டுத் தொங்கினபோது இந்த ஒரு ஒயர் பெட்டியில இருந்திருக்கு. மொத்த லைனும் ஒரே ரூமுக்குப் போயிருக்கு. வேலை முடிஞ்சதும் ஒருத்தன் திரும்பி வந்து பூட்டைத் திறந்து, அதையும் கழட்டியிருக்கான். ஒரு ஒயர் மட்டும் மாட்டியிருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டே அவன் ரூமுக்குப் போயிரலாம் பாரு. கொக்கி காட்டிக் குடுக்கும்னு அவனுக்குத் தோணலை. ஆனா ஒயர் ரூமைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது.”

கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெல்ட்காரன் பெல்ட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“அழகுமலை ரூம் ஒயரை சிவசங்கரன் நேத்தே பிடுங்கிட்டான். அது மறுபடி மாட்டியிருந்துச்சா? இல்லேன்னா உடையாத ஒயர் அதுவாத்தான் இருக்கும்” என்றார் அலாவுதீன்.

“காலையிலேயே மாட்டிக் குடுத்துட்டாருங்க” என்றான் அழகுமலை, கோழிக்குப் பின்னாலிருந்து. “ரூம்ல மத்தவங்களும் இருக்காங்கல்ல. திட்டிக்கிட்டே மாட்டினாரு. கெட்ட மனுசன் இல்ல பாய் அவரு.”

இதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவனை அடித்தவர்களில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அடிக்கும்போது பார்க்காத தரை.

“அப்பாஸ்! பூட்டிய கதவை எல்லாரும் வந்து தட்டினீங்க. யாரு வரலை?” என்று அலாவுதீன் வாசல் பக்கம் நின்ற ஒருவனைக் கேட்டார்.

“டியூட்டிக்குப் போனவங்க வரலை பாய். அப்புறம்...” அவன் யோசித்தான். “சரவணன் வரலை. அவன் ரூம்ல மத்தவங்க டியூட்டி, அவன் மட்டும்தான் இருந்தான். தினம் நெட் நின்னா மொத ஆளா வந்து கதவை உடைக்கிறது அவன்தான். இன்னிக்கு ஆளைக் காணோமேன்னு நாங்ககூடக் கிண்டல் பண்ணினோம்.”

“நான் ரூம்ல என் பொண்டாட்டிகூட போன்ல பேசிட்டிருந்தேன்” என்றான் சரவணகுமார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “காலிங் கார்டு போட்டு. எதுக்கு மேல வரணும்?”

“வீட்டுக்காரி பேரு?”

“கனகா. வேணும்னா அவகிட்டயே கேட்டுக்குங்க.” தன் போனையே எடுத்து, நம்பரைத் தட்டி, நீட்டினான். அந்தத் தைரியம் பெரிசுதான். பெண்டாட்டி தன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டாள் என்று எந்தப் புருஷனும் நினைப்பதுபோல அவனும் நினைத்தான். காட்டிக் கொடுக்க அவளுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை.

அலாவுதீன் ஜெயபாரதியைப் பார்த்தார். “ஸ்பீக்கர்ல போடு. கொலைன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது.”

மணி அடித்தது. எடுத்தவளின் குரல் ஒரு சிறு பெண்ணுடையது மாதிரி இருந்தது. பின்னால் பஸ் ஹாரனும் குழந்தை சிணுங்கலும் கேட்டன.

“ஏனுங்க கனகாங்களா? நான் துபாயில இருந்து ஜெயபாரதி. உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவ. இன்னிக்கு அவரு உங்ககூட போன்ல பேசினாரான்னு ஒரு சின்னப் பந்தயம்.”

“போன்லயா? இல்லக்கா.” சிரித்தாள். “கம்ப்யூட்டர்லதான். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அறந்தாங்கி பிரவுசிங் சென்டருக்கு வந்துட்டேன். இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்.”

சரவணகுமார் ஒரு அடி நகர்ந்தான். நாத்தூர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“ஓ! முகமெல்லாம் தெரிஞ்சுதுங்களா?”

“மொதல்ல எங்கக்கா தெரிஞ்சுது? கட்டங்கட்டமா இருக்கு, புள்ளைக்குக் கண்ணு எது வாய் எதுன்னே தெரியலன்னாரு. அவரு லீவு முடிஞ்சு போனப்புறம் பொறந்த புள்ளைக்கா. இளவேனில்னு பேரு. எட்டு மாசமா எல்லா வெள்ளிக்கிழமையும் இதே கதைதான். இன்னிக்குப் பாரு, அழுதுட்டாரு. இரு கனகா, மேல போய்ச் சொல்லி சரி பண்ணிட்டு வர்றேன்னு எந்திரிச்சுப் போனாரு.”

“சரி பண்ணிட்டாரா?”

“அதெப்படிப் பண்ணாரோ! திரும்பி வந்து உக்காந்தாரு பாருங்க, கண்ணாடியில பாக்குற மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. பாப்பா அவரு மீசையைப் பிடிக்கிறேன்னு கையை நீட்டிக்கிட்டே இருந்தா. அவருக்கு மேலெல்லாம் வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது, ஆனா சிரிக்கிறாரு. மக மொதத் தடவையா முழுசாப் பாக்குறாள்ல, அதுக்காகச் சட்டைகூட மாத்திக்கிட்டு வந்தாருக்கா. கல்யாணத்துக்கு எங்கப்பா எடுத்துக் குடுத்த சட்டை...”

சரவணகுமார் பாய்ந்தான்.

ஜெயபாரதியின் கையில் இருந்த போன் பறந்துபோய்ச் சுவரில் மோதிக் கட்டிலில் விழுந்தது. அதே வேகத்தில் அவன் தரையிலிருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்தான். முதல் வீச்சு நாத்தூரின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இரண்டாவது வீச்சு அலாவுதீனின் நெற்றியை உரசிக்கொண்டு போனது. தொப்பி தெறித்தது, புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அத்தனை வீரமாய் அழகுமலையை அடித்தவர்கள் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வீச்சுக்கு அவன் கையை ஓங்கினான். அலாவுதீன் பின்னால் போக இடமில்லை. காலடியில் சிவசங்கரன்.

ஜெயபாரதி அழகுமலையின் கன்னத்திலிருந்து கோழியைப் பிடுங்கினாள். பையின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்து, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சரவணகுமாரின் செவிட்டில் இறக்கினாள். மரத்தில் கோடாலி விழுந்தது போல இருந்தது. அவன் முழங்காலில் விழுந்தான். அவள் இன்னொரு முறை இறக்கினாள். அவன் படுத்துவிட்டான்.

“அல்லா காப்பாத்தினான்” என்றார் அலாவுதீன், புருவத்தைப் பிடித்துக்கொண்டு.

“கோழிக்கும் கொஞ்சம் பேரு குடுங்க பாய். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்குது.”

நீல ஒயர்களாலேயே அவன் கையைக் கட்டினார்கள். அலாவுதீன் அவனுடைய வலது கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே தோல் வெந்து கொப்புளித்திருந்தது, இஸ்திரிப்பெட்டியின் முனை அளவுக்கு.

“வந்ததுமே இந்தச் சட்டையைத்தான் பார்த்தேன்” என்றார். “வெள்ளிக்கிழமை பகல். எல்லாரும் கைலியும் பனியனும். நீ மட்டும் கீழே கைலி, மேலே மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. கேமராவுக்கு முன்னால உட்காருறவன்தான் இடுப்புக்கு மேல மட்டும் மாப்பிள்ளையா இருப்பான். ஆனா நெட் எல்லாருக்கும் செத்துப்போச்சே, இவன் யாருக்கு முகம் காட்டினான்னு யோசிச்சேன். பழைய சட்டை எங்கே?”

சரவணகுமார் கண்ணைத் திறந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. “தண்ணி டாங்கிக்குப் பின்னால.”

“ஏன்டா?”

“பத்து நிமிசம் கேட்டேன் பாய். பத்தே நிமிசம் மத்த ரூமை நிறுத்து, என் புள்ள மொகத்தைப் பாத்துக்கிறேன்னு காலைப் பிடிச்சேன். எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு, உனக்கு மட்டும் தனி வழி கிடையாதுன்னான். இஸ்திரி போட்டுக்கிட்டே சொன்னான். திரும்பிக்கூடப் பாக்கலை. பெட்டியைப் பிடுங்கினேன், கையில சுட்டுச்சு. அதுக்கப்புறம் எத்தனை தடவை அடிச்சேன்னு தெரியலை.” அவன் விம்மினான். “பாத்துட்டேன் பாய். கன்னத்துல குழி விழுது அதுக்கு.”

கேட்டவர்களுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகத்தான் செய்தது. தரையில் கிடந்தவனைப் பார்த்ததும் இளகியது இறுகிப்போனது.

அழகுமலை சுவரைப் பிடித்து எழுந்தான். உதடு கிழிந்து, பேச்சு குழறியது.

“எனக்கும் ஒரு பையன் இருக்கான்டா. உசிலம்பட்டியில ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறான். உனக்குப் பதிலா நான் சாவணும்னுதானே என்னைப் பிடிச்சுக் குடுத்தே? அவனுக்கு யாருடா மொகம் காட்டுவா?”

பெல்ட்காரன் ஒரு டம்ளர் தண்ணீரோடு அழகுமலையிடம் வந்தான். அழகுமலை அதை வாங்கி வாயைக் கொப்பளித்து, பெல்ட்காரனின் காலடியிலேயே ரத்தமாய்த் துப்பினான். அவன் நகராமல் நின்றான்.

கீழே சைரன் கேட்டது. ஒருவன் போர்வையை எடுத்துச் சிவசங்கரனை மூடினான்.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. திரையில் கனகாவின் பெயர். சரவணகுமார் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“எடுக்காதீங்க” என்றான். “அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன். இப்ப சொல்லாதீங்க. அவ நடு ரோட்டுல புள்ளையோட நிக்கிறா.”

அலாவுதீன் தலையை மட்டும் அசைத்தார். ஜெயபாரதி எடுத்தாள்.

“லைன் கட்டாயிருச்சுக்கா” என்றாள் கனகா. “பஸ் வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு திரும்பக் கூப்பிட்டேன். மேல சிவசங்கரன்னு ஒரு அண்ணன் இருக்காராமே. அவருதான் மத்த எல்லாரையும் நிறுத்திட்டு எங்களுக்காக லைன் விட்டாருன்னு இவரு சொன்னாரு. யாரு செய்வா அப்படி? நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிருங்கக்கா. பாப்பாவும் சொல்றா. சொல்லுடி, மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு.”

போனில் எட்டு மாசக் குழந்தை ஏதோ உளறியது. ஜெயபாரதி எடுத்ததுமே ஸ்பீக்கரை அமுக்கியிருந்ததால் அது அறை முழுக்கக் கேட்டது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது.

ஜெயபாரதி போர்வையைப் பார்த்தாள். ரத்தம் அதற்குள் அந்தப் பக்கம் ஊறி வெளியே வந்திருந்தது.

“சொல்லிடறேன் கண்ணு” என்றாள். “நீ பத்திரமா பஸ் ஏறு.”